சிறுவர் குழுச் சிகிச்சை

சிறுவர் குழுச் சிகிச்சை என்பது, வளர்ச்சியில் தாமதமோ பிறருடன் பழகுவதில் இடர்ப்பாடோ உள்ள சிறுவர் சிலரை ஒன்றுசேர்த்து, பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் மேற்பார்வையில் விளையாட்டு, உரையாடல், கைவேலை ஆகியவற்றின் வழியாகத் திறன்களை வளர்க்கும் முறையாகும். ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம், கவனக்குறைவு, பேச்சுத் தாமதம் முதலியவை உள்ள சிறுவருக்கு இது பயன்படுத்தப்படுகிறது. இது தனியாள் சிகிச்சைக்கு மாற்று அன்று. சிகிச்சையாளர் முன் தனியே அமர்ந்து சரியாக விடையளிக்கும் குழந்தை, இன்னொரு சிறுவனிடம் பந்தைக் கேட்டு வாங்கத் தெரியாமல் பறித்துவிடலாம். கேட்டு வாங்கக் கற்பதற்கு அந்த இன்னொரு சிறுவன் தேவை.

வரலாறு

1934இல் நியூயார்க் நகரில் சாமுவேல் சிலாவ்சன் சிறுவருக்கான செயற்பாட்டுக் குழுக்களைத் தொடங்கினார். இவர் மருத்துவர் அல்லர், பொறியியல் பயின்றவர். இவருடைய குழுக்களில் சிறுவருக்குக் கைவினைப் பொருட்களும் கருவிகளும் தரப்பட்டன; பெரியவர் மிகக் குறைவாகவே தலையிட்டார். பிற்காலத்தில் திறன்களை நேரடியாகக் கற்பிக்கும் முறைகள் பெருகின. டானியல் லெகாஃப் 2004இல் வெளியிட்ட ஆய்வில் விவரித்த லெகோ கட்டைச் சிகிச்சை குறிப்பிடத்தக்கது. இதில் ஒரு சிறுவன் வரைபடத்தைப் பார்த்துச் சொல்வான், ஒருவன் கட்டைகளை எடுத்துத் தருவான், மற்றொருவன் பொருத்துவான். பின்னர் பணிகள் மாறும். ஒருவரோடு ஒருவர் பேசாமல் வீடு எழும்பாது என்பதே இதன் நுட்பம்.

அமர்வின் அமைப்பு

பெரும்பாலும் மூன்று முதல் எட்டுச் சிறுவர் ஒரு குழுவில் இருப்பர். வயதைவிடப் பேச்சுத்திறனும் புரிதலும் ஒத்திருப்பது முக்கியமாகும். வட்டமாக அமர்ந்து பெயர் சொல்லி வணங்குதல், அன்றைய நிகழ்ச்சிகளைப் படங்களால் காட்டுதல், கூட்டு விளையாட்டு, விடைபெறுதல் என்று ஒவ்வொரு முறையும் ஒரே வரிசை பின்பற்றப்படும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் குழந்தையின் பதற்றம் குறையும்.

விலையுயர்ந்த கருவிகள் கட்டாயமல்ல. பல்லாங்குழியில் கையிலுள்ள காய்கள் தீர்ந்து அடுத்த குழி வெறுமையாக இருந்தால் ஆட்டம் எதிராளிக்குப் போய்விடும். முறைக்காகக் காத்திருத்தல், எண்ணுதல், விரல்களால் காய்களை ஒவ்வொன்றாக இடுதல் ஆகிய மூன்றும் அந்த ஒரு பலகையிலேயே கிடைக்கின்றன.

மொழிச் சிக்கல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூரை அடுத்துள்ள கெலவரப்பள்ளி போன்ற எல்லைப்புற ஊர்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வழங்குகின்றன. தொழிற்சாலைப் பணிக்கு வந்த குடும்பங்களால் இந்தியும் சேர்ந்துள்ளது. பேச்சுத் தாமதம் கண்டவுடன் வீட்டுமொழியைக் கைவிடுமாறு பெற்றோருக்குச் சிலர் அறிவுரை கூறுவதுண்டு. பல மொழிகளைக் கேட்பது பேச்சுத் தாமதத்தையோ மதியிறுக்கத்தையோ உண்டாக்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. வீட்டுமொழியை இழக்கும் குழந்தை பாட்டியோடு பேசும் வாய்ப்பையும் இழக்கிறது. குழுவின் பொதுமொழி ஒன்றாக இருக்கலாம். ஆனால் குழந்தை எம்மொழியில் கேட்டாலும் அதை விடையாக ஏற்பதே முறையானது.

பயனும் வரம்பும்

மதியிறுக்கம் உடையோருக்கான சமூகத்திறன் குழுக்கள் குறித்து 2012இல் வெளியான காக்ரேன் மீளாய்வு ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 196 பேரை, எடுத்துக்கொண்டது. பழகும் திறனிலும் நட்பின் தரத்திலும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. பிறர் உணர்ச்சியைக் கண்டறிவதில் தெரியவில்லை. அவ்வாய்வுகள் அமெரிக்காவில், சராசரி அல்லது அதற்கு மேற்பட்ட அறிவுத்திறன் உடையவர்களிடம் நடத்தப்பட்டவை. எனவே அம்முடிவுகளை நம் ஊர்க் குழந்தைகள் அனைவருக்கும் அப்படியே பொருத்த இயலாது. அறைக்குள் கற்றது பள்ளித் திடலுக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுவதும் அறியப்பட்ட குறையாகும். இதனால் பெற்றோரையும் ஆசிரியரையும் பயிற்சியில் சேர்ப்பது வழக்கம். பெற்றோர் இருவரும் முறைமாற்றுப் பணி செய்யும் வீடுகளில் இது எளிதன்று. அமர்வு நேரம் அவர்களுக்கேற்ப அமைய வேண்டியுள்ளது.

தமிழ்நாட்டில்

சென்னையில் 1985இல் தொடங்கப்பட்ட வித்யா சாகர், தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், முட்டுக்காட்டில் 2005இல் நிறுவப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ஆகியவை இத்துறையில் அறியப்பட்டவை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதித்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்புகின்றனர். ஓசூர்ப் பகுதியினர் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரிலுள்ள நிம்ஹான்சு மருத்துவமனையின் சிறுவர் மனநலப் பிரிவையும் நாடலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பெற்ற மாற்றுத்திறன் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும்.