பின்னடி வைத்தல்

திரையில் இருவர் பொருதும் வீடியோ ஆட்டங்களைப் பொத்தான் தட்டும் சிறுபிள்ளைச் செயலென இகழ்வார் பலர். அவற்றுள் அடித்தலினும் நுண்ணியது அடிபடாமல் அசைதல் என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

விராலிமலையை அடுத்த ஆவூர்ப் பக்கங்களில் சல்லிக்கட்டுக் கண்டார்க்கு இதன் ஒரு பகுதி எளிதில் விளங்கும். காளை நேரே பாயும். அதனை எதிர்நின்று தடுப்பார் எவருமிலர். வல்ல வீரன் இமைப்பொழுதில் ஓரடி பக்கம் ஒதுங்கி, கொம்பு வெற்றிடத்தைக் குத்திச் செல்லத் திமிலைத் தழுவுகின்றான். நாம்கோ நிறுவனத்தார் 1994இல் தொடங்கிய 'டெக்கென்' வரிசை ஆட்டங்களிலும் நேராக வரும் குத்தினின்று இங்ஙனமே பக்கம் பெயர்ந்து தப்பலாம். சுற்றி வீசும் உதைக்கு மட்டும் இது செல்லாது.

பின்னடியோ இதனினும் அரிது. ஜாய்ஸ்டிக் என்னும் பிடியை இருமுறை பின்னிழுத்தால் பாத்திரம் ஓரடி பின்வாங்கும். அவ்வடி முடியுமுன் மற்றோரடி பிறவாது. ஆயின், இடையே பிடியைக் கீழ்ப்பின் மூலைக்குச் சாய்ப்பின் பாத்திரம் குந்தத் தொடங்கும். குந்துதல் முன்னைய அடியை அறுத்துவிடும். உடனே பின்னிழுத்தால் அடுத்த அடி பிறக்கும். இதனை இடையறாது செய்து பெயர்பெற்றோர் கொரிய நாட்டார் ஆதலின், 'கொரியப் பின்னடி' என்று வழங்கலாயிற்று. எழுதுதற்கு எளிது; விரல்களுக்குப் பன்னாட் பயிற்சி வேண்டும்.

இதனாற் பயன் என்னை? ஆட்டம் 1 நொடியை 60 கூறாக்கி இயங்குகின்றது. விரைந்த குத்து 10 கூற்றிலே வந்து தைக்கும். அதனைக் கண்டபின் தடுப்பது மனிதர்க்கு அரிதாதலின், அது எட்டாத் தொலைவில் நிற்றலே காவல். எட்டாது போன குத்தை விட்டவன் தன் கை மீளுமளவும் செயலற்று நிற்பான். அச்சிறு பொழுதே மாற்றானுக்கு வாய்ப்பு.

புறப்புண் நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்ததைப் படித்த நமக்கு, பின்வாங்குதல் வீரமாகுமோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. பின்னடி வைப்போன் புறங்கொடுப்பதில்லை. அவன் முகமும் கண்ணும் பகைவன்மேலேயே நிற்கும்; பெயர்வது கால் மட்டுமே.

2019இல் லாகூர் நகரத்து அர்சலான் ஆஷ், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த இரு 'ஈவோ' பந்தயங்களில் 'டெக்கென் 7' ஆட்டத்தை வென்றார். அமெரிக்காவில் இறுதியில் அவர் வென்றது 'நீ' என்னும் ஆட்டப்பெயர் கொண்ட கொரிய வீரரை. (முழங்கால் என்பது அதன் பொருள், நம் முன்னிலைப் பெயரென மயங்கற்க.) அர்சலான் பெரிதும் பேசப்படுவது அவர் அடித்த அடிகளினும் ஒதுங்கிய ஒதுக்கங்களுக்காகவே.

எனினும், சுவர் சூழ்ந்த களங்களில் பின்னடிக்கு எல்லையுண்டு. முதுகு சுவரில் முட்டியபின் பின்வாங்க இடமின்மையின், அங்கே பக்கம் பெயர்தலையே நாட வேண்டும்.