மருந்தாளுநராக வெளிநாடு போகணுமா? வேலை பள்ளியிலேயே தொடங்குது!



"படிச்சு முடிச்சதும் ஃபாரின் போயிடணும்" என்று நம் வகுப்பில் பலர் சொல்கிறோம். எப்படிப் போவது என்று கேட்டால், "ஏஜென்ட்கிட்ட பணம் கட்டினா போதும்" என்று பதில் வருகிறது. அது உண்மை இல்லை. என் பெரியம்மா மகள் திண்டிவனத்தில் தங்கி பி.பார்ம். கடைசி வருஷம் படிக்கிறார். தோழிகளோடு சேர்ந்து வளைகுடா நாட்டு மருத்துவமனை வேலைக்குத் தயாராகிறார். அக்காவிடம் கேட்டதையும், நானே தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

மருந்தாளுநர் என்பவர் யார்?

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளை (950) எடுத்துப் பாருங்கள். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து மருந்து கொடுப்பவர் என நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார் வள்ளுவர். அந்த நாலாவது ஆளின் வேலையில் பெரும்பங்கு இன்று மருந்தாளுநருடையது. 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்குத்தான் உண்டு. (டாக்டர் தன் நோயாளிக்குத் தானே கொடுப்பது வேறு.) தமிழ்நாட்டில் படித்தவர்கள் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு செய்கிறார்கள்.

எந்தப் படிப்பு?

டி.பார்ம். 2 ஆண்டு. அதன்பின் 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி. பி.பார்ம். 4 ஆண்டு. 2008இல் நம் நாட்டில் தொடங்கிய பார்ம்.டி. 6 ஆண்டு, அதில் கடைசி வருஷம் மருத்துவமனைப் பயிற்சி.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்காவில் மருந்தாளுநர் ஆக, வெளிநாட்டில் படித்தவர்கள் முதலில் ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். 2003 ஜனவரி 1 முதல் பட்டம் பெற்றவர்களுக்குக் குறைந்தது 5 ஆண்டுப் படிப்பு இருந்தால்தான் அந்தத் தேர்வுக்கே அனுமதி. அதாவது 4 ஆண்டு பி.பார்ம். மட்டும் போதாது! அக்காவின் தோழி ஒருவருக்கு இது மூன்றாம் வருஷத்தில்தான் தெரிந்ததாம். "சேரும்போதே யாராவது சொல்லியிருந்தா பார்ம்.டி. பத்தி யோசிச்சிருப்பேன்" என்று வருத்தப்பட்டாராம். எந்த நாடு என்று முதலில் யோசித்து, பிறகு படிப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சான்றிதழ் பேச வேண்டும்

துபாய், சவுதி போன்ற இடங்களில் வேலைக்குப் போவோரின் சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் சரிபார்க்கிறது. நாம் கொடுக்கும் நகலை மட்டும் நம்ப மாட்டார்கள். கல்லூரி, பல்கலைக்கழகம், வேலை பார்த்த இடம் எல்லாவற்றுக்கும் நேராகவே எழுதிக் கேட்பார்கள். போலிச் சான்றிதழ், பொய்யான அனுபவக் கடிதம் எல்லாம் அங்கே மாட்டிக்கொள்ளும். பார்மசி கவுன்சிலிடமிருந்து நன்னிலைச் சான்றும் கேட்பார்கள்.

இங்கேதான் பெயர்ப் பிரச்சினை வருகிறது. நம் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்து நமக்கு இனிஷியல். பாஸ்போர்ட்டிலோ இனிஷியலை விரித்து முழுப் பெயராகப் போட வேண்டும். போதாக்குறைக்கு, 'கவிதா' என்பதை ஆங்கிலத்தில் ஒரு சான்றிதழில் 'எச்' போட்டும் இன்னொன்றில் போடாமலும் எழுதியிருந்தால், இரண்டும் ஒருவர்தானா என்ற கேள்வி வரும். அதற்காக அலைய வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயர்தான் பிறகு எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதனால் பெயர்ப்பட்டியலில் கையெழுத்துப் போடும்போது, "சரியாத்தான் சார் இருக்கு" என்று பார்க்காமலே சொல்லிவிடாதீர்கள்!

பரீட்சையும் பழக்கமும்

அடுத்து கணினியில் ஒரு தேர்வு. எல்லாரும் 'புரோமெட்ரிக் பரீட்சை' என்கிறார்கள். கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும். மனப்பாடம் உதவாது, கணக்கு வேண்டும். உதாரணமாக, தைராய்டு மாத்திரையின் அளவு மைக்ரோகிராமில் இருக்கும். 1000 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் 1 மில்லிகிராம். 50 மைக்ரோகிராமை 50 மில்லிகிராம் என்று படித்தால் மருந்து ஆயிரம் மடங்கு ஆகிவிடும்!

பெயர்களும் மாறும். நம்ம ஊர் பாராசிட்டமால், அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். இரண்டும் ஒன்றே என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கினால் ஈரல் கெட்டுப்போகலாம். நம் டாக்டர்கள் சீட்டில் 1-0-1 என்று போட்டால், காலை ஒன்று, இரவு ஒன்று என்று நம் பாட்டிக்குக்கூடப் புரியும். எல்லா நாட்டிலும் அப்படி எழுத மாட்டார்கள். "மருந்து பேரைப் படிக்கிறது பாதி வேலைதான்டா, எதிர்ல நிக்கிறவங்களுக்குப் புரியற மாதிரி சொல்றதுதான் மீதி" என்கிறார் அக்கா. அதனால் தோழிகள் தினமும் ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் மருந்தாளுநராகவும் இருந்து ஆங்கிலத்தில் பேசிப் பழகுகிறார்கள்.

ஏஜென்ட் விஷயம்

அக்காவிடமும் தோழிகளிடமும் ஒருவர், "ஆளுக்கு ஒன்றரை லட்சம் கட்டுங்க, பரீட்சையே வேணாம்" என்றாராம். பதிவு எண் கேட்டதும் ஆள் பேச்சை மாற்றிவிட்டார். நல்லவேளை, யாரும் நகையை அடகு வைக்கவில்லை. அரசிடம் பதிவு பெற்ற முகவர் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ரசீதும் தர வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. தமிழக அரசே 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இயங்குகிறது. சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நாம் இப்போதே செய்ய வேண்டியவை

1. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் குரூப் எடுக்கும்போது கவனம். பார்மசிக்கு இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் வேண்டும்.
2. பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டில் உட்கார்ந்து பாருங்கள்.
3. தினமும் பத்து நிமிஷம் ஆங்கிலத்தில் வாய்விட்டுப் பேசுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.
4. வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையில் மருந்தின் பொதுப் பெயரையும் காலாவதித் தேதியையும் படித்துப் பழகுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?
குருமாவுக்கு அரைக்கும் கசகசாவுக்கு ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, சிங்கப்பூர் நாடுகளில் தடை! அது அபினிச் செடியின் விதை. ஊருக்குப் போகும் பெட்டியில் அம்மா அன்பாக வைத்துவிடப் போகிறார், ஜாக்கிரதை!