சிவப்புக்குள் ஒரு நீலம்

போர்ச்சுகலின் போர்ட்டோ நகருக்கு எதிரே, டூரோ ஆற்றின் தென்கரையில் இருக்கிறது வீலா நோவா டி கையா. கரையோரம் நெடுக ஓட்டுக்கூரைக் கிடங்குகள். உள்ளே நுழைந்தால் இருட்டு, சில்லென்ற காற்று, வரிசை வரிசையாக மரப் பீப்பாய்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 550 லிட்டர் போர்ட் ஒயின். சும்மா கிடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்! உள்ளே பழைய சாயம் அழிந்து புதுச் சாயம் பிறந்துகொண்டே இருக்கிறது.

கிழக்கே மலைச்சரிவில் விளையும் டூரிகா நாசியோனல் திராட்சையை உரித்துப் பாருங்கள். சதையில் சிவப்பே இல்லை! நிறமெல்லாம் தோலில்தான். அந்தோசயனின் என்ற சாயம் அது. நாவல்பழம் தின்ற நாக்கு ஊதாவாவதும் இந்தக் குடும்பத்தின் கைவரிசைதான். போர்ட்டுக்கு நொதிப்பு இரண்டு மூன்று நாள் மட்டுமே. பிறகு 77 சதவீத திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவார்கள். அதற்குள் தோலிலிருந்து சாயத்தை இறக்கியாக வேண்டும். அதற்காகத்தான் கிரானைட் தொட்டிக்குள் ஆட்கள் தோளோடு தோள் சேர்த்து மணிக்கணக்கில் மிதிக்கிறார்கள். இன்றும் சில பண்ணைகளில் இந்தக் கால்மிதி உண்டு.

இனிமேல்தான் வேடிக்கை! ஒயினின் புளிப்பில், தனியாக நிற்கும் அந்தோசயனினில் பெரும்பகுதி நிறமற்றுக் கிடக்கும். அப்புறம் எப்படி இளம் ஒயின் அவ்வளவு கருஞ்சிவப்பு? சாய மூலக்கூறுகள் பக்கத்துத் துணைகளோடு அடுக்கடுக்காக ஒட்டி நின்று, தண்ணீர் தாக்காமல் நிறத்தைக் காப்பாற்றிக்கொள்கின்றன. இது தற்காலிக ஏற்பாடுதான். நாளாக நாளாக, துவர்ப்பு தரும் டேனினோடு அவை நிரந்தரமாகப் பிணைகின்றன. சாராயத்தோடு வந்த அசிட்டால்டிஹைடு இடையே பாலம் போடுகிறது. ஈஸ்ட் விட்டுப்போன பைருவிக் அமிலம் சேர்ந்தால் வைட்டிசின் என்ற செம்மஞ்சள் சாயம். கந்தக டை ஆக்சைடாலும் எளிதில் வெளுக்காத கெட்டிக்காரச் சாயம்!

அதோடு முடியவில்லை. அந்தச் சாயவகை மேலும் மாறினால் என்ன ஆகும்? நீலம்! ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள போர்ட்டோ பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2003இல் இதை அறிவித்தார்கள். போர்ட்டிசின் என்று பெயரும் வைத்தார்கள். மிகக் கொஞ்சம்தான், கண்ணுக்குப் பிடிபடாது. ஆனாலும் சிவப்பு ஒயினுக்குள் நீலச் சாயம் என்றால் துள்ளாமல் இருக்க முடியுமா?

மீதி வேலை காற்றினுடையது. பெரிய கலன்களில் காற்று அதிகம் படாமல் இரண்டு மூன்று ஆண்டு இருந்தால் ரூபி என்ற வகை. சிவப்பு அப்படியே நிற்கும். சிறிய பீப்பாயில் பல்லாண்டு மரத்தின் வழியே காற்று கசிந்தால் டானி என்ற வகை. சாயத்தில் ஒரு பங்கு வண்டலாகப் படியும், ஒரு பங்கு சிதையும், மிஞ்சியது பழுப்பேறும். நாற்பது ஆண்டு டானியின் விளிம்பில் பச்சைச் சாயல்கூடத் தட்டும்!

கையா பக்கம் போகிறவர்கள் ரூபியையும் டானியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். குடிக்காதவர்களும்தான். வெள்ளைத் தாளின்மேல் கோப்பையைச் சாய்த்து, நடுவை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். வயது அங்கேதான் தெரியும்.