பிள்ளை யார் பொறுப்பில்? சட்டத்தரணியை நாடுமுன் அறிய வேண்டியவை

மணமுறிவு கணவன், மனைவி என்ற உறவையே முடிவுக்குக் கொண்டுவருகின்றது. தாய், தந்தை என்ற உறவை அன்று. ஆயினும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எமது குடும்பங்களில், பிரிந்த பெற்றோரின் பிள்ளை யாரிடம் இருப்பது என்ற கேள்வி உறவினரின் பேச்சுவார்த்தையிலேயே மாதக்கணக்கில் இழுபடுவதுண்டு. நீதிமன்றம் ஏறுவது மானக்கேடு என்ற எண்ணமே இதற்குக் காரணம். இந்தத் தாமதம் பாரதூரமானது. பிள்ளை பழகிவிட்ட சூழலை மாற்றுவதற்கு நீதிமன்றங்கள் தயங்குவதுண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

முதலில் எந்த நீதிமன்றம் என்பதில் தெளிவு வேண்டும். பொது விவாகச் சட்டத்தின் கீழ் மணம் புரிந்தோரின் விவாகரத்தும் பிள்ளையின் கட்டுக்காப்பும் மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியவை. தாபரிப்புக் கோரிக்கையை 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் முன்வைக்கலாம்.

முஸ்லிம்களின் விவாகரத்தையும் தாபரிப்பையும் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டப்படி காதி நீதிமன்றம் விசாரிக்கின்றது. அங்கு சட்டத்தரணிகள் முன்னிலையாக முடியாது. ஆனால் பிள்ளையின் கட்டுக்காப்பு காதியின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. அதுவும் மாவட்ட நீதிமன்றத்துக்கே உரியது. அங்கு சட்டத்தரணியின் உதவியைப் பெறலாம். இதனை அறியாது, காதியின் முன் வாய்மொழியாக இணங்கியதே இறுதி முடிவு எனக் கருதுவோர் உளர்.

நீதிமன்றம் எதனைப் பார்க்கின்றது? ரோமன் டச்சுச் சட்டம் தந்தைக்கு முன்னுரிமை அளித்தது. ஷாஃபி மத்ஹப் விவரமறியும் வயதுவரை தாய்க்கு முன்னுரிமை அளிக்கின்றது. எனினும் பிள்ளையின் நலனே தலையாயது என்பதை எமது நீதிமன்றங்கள் வலியுறுத்தி வந்துள்ளன. எனவே, "நிச்சயம் வென்று தருவேன்" என்று வாக்குறுதி அளிப்பவரைவிட, பிள்ளையின் வயது, பாடசாலை, உடல்நலம், அன்றாடம் பார்த்துக்கொள்பவர் யார் என்று விசாரிக்கும் சட்டத்தரணியே பொருத்தமானவர்.

அவரிடம் சில கேள்விகளை நாமும் கேட்க வேண்டும். வழக்கு முடியும்வரை பிள்ளை யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது என்பதற்கு இடைக்காலக் கட்டளை பெற இயலுமா? கட்டணம் எவ்வளவு, பற்றுச்சீட்டு உண்டா? பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பின், பிள்ளைக் கடத்தல் தொடர்பான 2001 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் பொருந்துமா? சட்டத்தரணிக்கு அதிகாரமளிக்கும் பத்திரத்தை வாசித்து விளங்கிய பின்னரே கையொப்பமிட வேண்டும். வழக்கு நடைபெறுகையில் அதனை இரத்துச் செய்ய நீதிமன்றத்தின் அனுமதி தேவை.

மொழியும் முக்கியமானது. கொழும்பு நீதிமன்றங்களின் நடவடிக்கைகள் பெரும்பாலும் சிங்களத்தில் நடைபெறுகின்றன. ஆனால் ஆவணங்களைத் தமிழில் சமர்ப்பிக்கவும், மொழிபெயர்ப்பைப் பெறவும் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை உரிமை அளிக்கின்றது.

வசதி குறைந்தோருக்கு, 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு துணைபுரிகின்றது. அதன் தலைமை அலுவலகம் புதுக்கடை நீதிமன்றத் தொகுதியில் உள்ளது. விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வருமான விபரம் ஆகியவற்றுடன் செல்வது பயனளிக்கும்.

பெற்றோரின் பிணக்கில் பிள்ளை பணயப் பொருளாகிவிடக் கூடாது. காலந்தாழ்த்தாது தக்க ஆலோசனையை நாடுவது மானக்கேடன்று. பிள்ளைக்குப் பெற்றோர் ஆற்றவேண்டிய கடமை என்பதே எமது கருத்தாகும்.