கண் வழியே மூளையைப் பார்க்கலாம்!

நம் மூளை மண்டையோட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதன் ஒரு பகுதியை, கத்தி படாமல், ஊசி குத்தாமல் நேரில் பார்க்க முடியும். எங்கே தெரியுமா? கண்ணுக்குள்!

தாயின் வயிற்றில் குழந்தை உருவாகும்போது, மூளையின் முன்பகுதியிலிருந்து இரண்டு மொட்டுகள் புடைத்துக்கொண்டு வருகின்றன. கண்ணின் பின்புறமுள்ள விழித்திரை அவற்றிலிருந்துதான் வளர்கிறது. சுமார் பத்து லட்சம் நரம்பிழைகள் அதிலிருந்து கிளம்பி, பார்வை நரம்பாகத் திரண்டு மூளைக்குப் போகின்றன.

சரி, எதிரே நிற்பவரின் கண்மணி ஏன் கறுப்பாகவே தெரிகிறது? உள்ளே போன வெளிச்சம் போன வழியேதான் திரும்பும். அதைப் பார்க்க அந்த வழியில் நம் தலையை நீட்டினால், வெளிச்சம் உள்ளே போவதே நின்றுவிடும். ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்த்துப் பிடித்து, அதில் பட்டுத் திரும்பிய விளக்கொளியைக் கண்ணுக்குள் அனுப்பினார். அதே கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். விழித்திரை தெரிந்தது! 1851-இல் அந்தக் கருவியை உலகுக்கு அறிவித்தார். எவ்வளவு எளிய யோசனை, எவ்வளவு பெரிய பலன்! மண்டைக்குள் அழுத்தம் கூடினால் பார்வை நரம்பு கிளம்பும் வட்டம் வீங்கி, அதன் ஓரம் கலங்கித் தெரியும். மருத்துவர்கள் உடனே உஷாராகிவிடுவார்கள்.

1991-இல் அமெரிக்காவில் ஓ.சி.டி. ஸ்கேன் வந்தது. தாடையைக் கருவியில் வைத்து ஆடாமல் உட்கார்ந்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத ஒளி உள்ளே போய்த் திரும்புவதை அளந்து, விழித்திரையை அடுக்கடுக்காகப் படமாக்கிக் காட்டும். அந்த விழித்திரையின் மொத்தத் தடிமனே கால் மில்லிமீட்டர்தான். நோட்டுத் தாள் இரண்டு மூன்றை அடுக்கினால் வருமே, அவ்வளவு!

லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூளையைப் பாதிக்கும் பார்கின்சன் என்னும் நடுக்க நோய் பின்னாளில் வந்தவர்களின் பழைய ஸ்கேன்களைப் பார்த்தார்கள். நோய் கண்டறியப்படச் சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு முன் எடுத்த படங்களிலேயே, விழித்திரையின் இரண்டு அடுக்குகள் மெலிந்திருந்தன.

அதற்காகப் படத்தை மட்டும் பார்த்து ஒருவருக்கு இந்த நோய் வரும் என்று சொல்லிவிட முடியாது. கண்நீர் அழுத்த நோயிலும் விழித்திரை மெலியும். இன்னும் நிறைய ஆராய வேண்டியிருக்கிறது.

தாத்தா பாட்டியைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். விழித்திரைப் படம் எடுத்தால், காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதில் வெளிர் மஞ்சளாக ஒரு வட்டம் இருக்கும். பார்வை நரம்பு மூளைக்குப் புறப்படும் இடம் அதுதான்.