அழிந்த அடைவும் மீட்கும் மார்க்கமும்

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாக, சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளம், சித்தையன்கோட்டை போன்ற சிற்றூர்களின் மாணவர்களுக்கும் எட்டக்கூடியதாயிற்று. ஆனால், அதில் ‘ரூட்’ என்னும் முழு அதிகாரத்துடன் இடப்படும் ‘ஆர்எம்’ கட்டளை, கோப்புகளைக் குப்பைத்தொட்டியில் பத்திரப்படுத்தாமல், கணினியின் ஜீவாதாரமான அடைவையே க்ஷணத்தில் அழித்துவிடக்கூடும்.

அத்தருணத்தில் பிரதானமான விதி, பதற்றத்தில் கணினியை அணைக்காதிருத்தலே. ஏனெனில், முன்பே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பெரும்பாலும் தொடர்ந்து இயங்கும், அவை திறந்து வைத்திருக்கும் கோப்புகளும் மூடப்படும்வரை வட்டில் ஜீவித்திருக்கும். 1986-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், அடிப்படைக் கட்டளைகள் அழிந்த ஒரு யூனிக்ஸ் கணினியை, தற்செயலாகத் திறந்திருந்த ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியின் துணைகொண்டே நிபுணர்கள் புனருத்தாரணம் செய்தனர்.

இன்றைய மார்க்கம் எளிது. முதலில் சொந்தக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து, பின்னர் யூஎஸ்பி லினக்ஸால் கணினியை எழுப்பி, அழிந்த மென்பொருள் தொகுப்புகளை மீண்டும் நிறுவலாம், அல்லது இயங்குதளத்தையே புதிதாக இடலாம். எனினும், ‘ஈடிசி’ அடைவில் நாமே செய்த அமைப்புகளை எந்தத் தொகுப்பும் திருப்பித் தராதாகையால், முன்கூட்டியே பிரதி எடுத்துவைப்பது கணினி கற்கும் ஒவ்வொருவரின் நித்திய கடமையாகும்.