கைக்குழந்தைக்காக டாக்டர் படிப்பை உதறிய தாய்! கிண்டி கல்லூரியில் படித்த முதல் பெண் என்ஜினீயர் லலிதா

சென்னை, அக்.12-

கிண்டி என்ஜினீயரிங் கல்லூரி. 1794-ம் ஆண்டில் சர்வே பள்ளியாகத் தொடங்கிய பழைய கல்லூரி. சர்தார் பட்டேல் ரோட்டில் பஸ்சில் போகிற வர்றவங்க எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். இன்று அங்கே மாணவிகள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள்.

ஆனால் சுமார் நூற்றைம்பது ஆண்டுகள் அந்தக் கல்லூரியில் மருந்துக்குக்கூட ஒரு மாணவி கிடையாது. அந்தக் கதவைத் திறந்தவர் ஒரு இளம் விதவை. இடுப்பில் கைக்குழந்தை வேறு!

அவர் பெயர் ஏ.லலிதா. 1979-ம் ஆண்டு அக்டோபர் 12-ந்தேதி காலமானார். இன்று அவரது நினைவு நாள்.

15 வயதில் கல்யாணம்

லலிதா 1919-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந்தேதி சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பப்பு சுப்பாராவ், கிண்டி கல்லூரியிலேயே மின்சாரப் பொறியியல் பேராசிரியர். வீட்டில் 7 பிள்ளைகள். லலிதா 5-வது. அந்தக் கால வழக்கப்படி பையன்கள் என்ஜினீயர் ஆனார்கள். பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். பேராசிரியர் வீட்டிலும் அதே கதைதான்!

1934-ல் லலிதாவுக்குக் கல்யாணம். வயது 15. "படிப்பை மட்டும் நிறுத்தாதே" என்பது அப்பாவின் கண்டிப்பு. அதனால் 10-ம் வகுப்பு வரை படித்து முடித்தார்.

1937 செப்டம்பரில் பெண் குழந்தை பிறந்தது. வீடே மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சி நான்கு மாதம்கூட நீடிக்கவில்லை. கணவர் இறந்துவிட்டார். லலிதாவுக்கு வயது 18!

விதவை என்றால் அன்று என்ன கதி? தலையை மழித்து, மூலையில் உட்கார வைத்து, நல்ல காரியம் எதிலும் முகம் காட்டாமல் செய்துவிடுவார்கள். சுப்பாராவ் மகளை அப்படி விடவில்லை. பிறந்த வீட்டில் வைத்து மறுபடியும் படிக்க வைத்தார். ராணி மேரி கல்லூரியில் இண்டர்மீடியட் சேர்ந்த லலிதா முதல் வகுப்பில் தேறினார்.

டாக்டரா? என்ஜினீயரா?

அடுத்து என்ன படிப்பது? அன்று பெண்களுக்குத் திறந்திருந்த பெரிய படிப்பு டாக்டர் படிப்பு. லலிதாவுக்கும் அதில் இடம் கிடைத்திருக்கும். ஆனால் அவர் வேறு கணக்குப் போட்டார்.

டாக்டர் என்றால் நடுராத்திரியில் ஆள் வந்து கதவைத் தட்டுவான். குழந்தையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அப்பா இல்லாத பிள்ளை. அம்மாவும் ராத்திரியில் பக்கத்தில் இல்லாவிட்டால்? காலையில் போய்விட்டு மாலையில் வீடு திரும்புகிற வேலைதான் வேண்டும் என்று முடிவு செய்தார்.

அப்பாவும் அண்ணன் தம்பிகளும் என்ஜினீயர்கள். நாமும் ஏன் ஆகக்கூடாது?

பேராசிரியர் சுப்பாராவ், கல்லூரி முதல்வர் கே.சி.சாக்கோவிடம் மகளுக்காகப் பேசினார். பொதுக்கல்வி இயக்குநர் ஆர்.எம்.ஸ்டாதமிடமும் பேசினார். இரண்டு பேருமே மறுக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரி முட்டுக்கட்டை போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கல்லூரி நிறைய ஆண்கள். நடுவில் ஒரே ஒரு பெண். பயன்கள் தொல்லை கொடுக்கவில்லை, மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் ஹாஸ்டலில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. அந்தத் தனிமைதான் அவரை வாட்டியது. குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது. வாரக் கடைசி வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

மகள் படும் பாட்டைப் பார்த்த சுப்பாராவ், இன்னும் சில பெண்கள் சேர்ந்தால் நல்லது என்று யோசனை சொன்னார். பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்தார்கள். லீலம்மா ஜார்ஜ், பி.கே.திரேசியா என்ற இரண்டு பெண்கள் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். லலிதாவுக்குத் துணை கிடைத்தது!

அந்த இருவரும் ஒரு வருஷம் ஜூனியர்தான். உலகப் போர் காரணமாகப் படிப்புக் காலத்தைச் சுருக்கியதால் மூவருமே 1943-ல் ஒன்றாகப் படிப்பை முடித்தார்கள். இதில் திரேசியா பின்னாளில், 1971-ல், கேரள பொதுப்பணித்துறைக்கே தலைமை என்ஜினீயர் ஆனார்.

லலிதா வாங்கிய சான்றிதழில் ஒரு வேடிக்கை. அச்சடித்த வாசகம் முழுக்க ஆண்பால்! பெண் ஒருத்தி வந்து பட்டம் வாங்குவாள் என்று யார் நினைத்தார்கள்? "ஹீ" என்று இருந்ததை அடித்துவிட்டு, கையால் "ஷீ" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பக்ரா நங்கல் அணை

பிறகு பீகாரில் உள்ள ஜமால்பூர் ரெயில்வே ஒர்க்ஷாப்பில் ஒரு வருஷம் பயிற்சி. அடுத்து சிம்லாவில் அரசு வேலை. சில மாதங்கள் அப்பாவின் ஆராய்ச்சிக்கும் உதவி செய்தார். மின்சாரத்தில் வாசிக்கும் இசைக்கருவி, புகையில்லா அடுப்பு என்று அந்த மனிதருக்கு ஆயிரம் யோசனைகள். ஆனால் ஆராய்ச்சி வயிற்றுக்குச் சோறு போடுமா? குழந்தையை வளர்க்க வேண்டுமே!

1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் சேர்ந்தார். அந்த ஊரில் உடன்பிறந்த சகோதரரின் குடும்பம் இருந்தது. அங்கே மகள் வயதிலேயே ஒரு பிள்ளையும் இருந்தது. பிள்ளைக்கும் துணை, தாய்க்கும் நிம்மதி.

மின்கம்பிப் பாதைகள், துணை மின்நிலைய அமைப்புகள் என்று லலிதா வரைந்து தள்ளினார். பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலையிலும் அவரது கை இருந்தது. லண்டன் மின்சாரப் பொறியாளர் கழகம் 1953-ல் அவரை இணை உறுப்பினராகவும், 1966-ல் முழு உறுப்பினராகவும் ஏற்றது.

1964-ல் நியூயார்க்கில் பெண் என்ஜினீயர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு நடந்தது. இந்தியாவில் இருந்து போனவர் லலிதா. அரசாங்கத்தின் பிரதிநிதியாக அல்ல. சொந்த முறையில் போய் வந்தார்.

அவர் மறுமணம் செய்துகொள்ளவே இல்லை. அப்பா இல்லாத குறை தெரியாமல் அம்மா வளர்த்தார் என்று மகள் பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்னார். அந்த மகள் படித்து, கணக்கு டீச்சர் ஆனார்.

சுமார் 30 ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1977-ல் லலிதா ஓய்வு பெற்றார். ஓய்வுக்காலம் இரண்டே வருஷம்தான். மூளையில் ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டு, 60-வது வயதில் உயிர் பிரிந்தது.